தரம் பார்க்கப்பட்டது

புதுவயலில் மூடிக் கிடக்கும் ரைஸ் மில்லில்
'செல்லாத நோட்டு' வாசிக்கப் போகிறார்கள் என்று
போனில் பார்த்தபோது
கோட்டையூரில் ஒரு வாசலில்
தவணை கேட்டு நின்றுகொண்டிருந்தேன்.
உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்றார்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
ஜன்னல் வழியே பார்த்தவர்கள் பயந்துபோனார்கள்.
வசூலுக்கு வருகிறவன் சிரித்தால்
பின்னாலேயே நோட்டீஸ் வருகிறது என்று அர்த்தம்.

ஆறு வருஷம்.
ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு
கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று
ஆளில்லாத பெரிய வீடுகளின் மதிலோரமாகவே
பிலோமியின் தொண்டையை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.
இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக
ஒவ்வொரு வீடும் அவ்வளவு நீளம்.
எந்த இடத்தில் பாட்டு முடியும்,
எந்தக் கொல்லைக் கதவில் அடுத்தது தொடங்கும்,
எல்லாம் வண்டிக்கே தெரியும்.

டிக்கெட் இருநூறு.
வாசலில் ஒரு பையன் மில்லின் பழைய ரப்பர் ஸ்டாம்பை
மணிக்கட்டில் அழுத்தினான்.
ஊதா மையில்: தரம் பார்க்கப்பட்டது.
உள்ளே எண்பது பேர் இருப்போம்.
சென்னையிலிருந்து வந்த நாலு பேர்தான்
இதற்கென்று உடுத்தியிருந்தார்கள்.
மற்றதெல்லாம் பாலிடெக்னிக், மெக்கானிக் ஷெட்,
கல்யாண வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு பட்டு வேட்டி.

இருளப்பன் பேஸ் கிடாரை மடியில் கிடத்தி
பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.
அதைப் பார்த்ததே போதும், திரும்பிவிடலாம் போலிருந்தது.
காதுக்குள் குடியிருந்த ஆட்களுக்குப் பசிக்கிறது,
சட்டையில் சால்னா சொட்டுகிறது.
பிலோமி இவ்வளவு குள்ளம் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காஜா எண்ணவெல்லாம் இல்லை.
முதல் அடியிலேயே
கூரைத் தகரத்தில் பதினைந்து வருஷமாகப் படிந்திருந்த உமித்தூசி
எழுந்து யோசித்து
எங்கள் மேல் இறங்கியது.
அரிக்க அரிக்கக் குதித்தோம்.
மனப்பாடமான ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.
விலா எலும்புக்குத்தான் கேட்டது.

பிறகு அந்தப் பாட்டு.
*செவ்வாக்கெழம வந்தா
கதவெல்லாம் செவுரு.*
அதில் கதவைத் தட்டுகிறவன் நான்தான்.
ஆறு வருஷமாக எனக்கு அது தெரியும்.
ஆனாலும் எல்லாரையும்விட நான்தான் கத்தினேன்,
என் பெயர் சொல்லி யாரோ திட்டுவதற்கு
நானே எடுத்துக் கொடுப்பதுபோல.

வியர்வையில் செருப்பு வழுக்கி விழுந்தேன்.
சிமெண்டுத் தரையில் தாடை.
மேலே கால்கள், கால்கள்.
அடுத்த நொடி மூன்று கைகள் என்னைப் பிடுங்கி நிறுத்தின.
சட்டைக் காலரைப் பிடித்த கை
பெட்ரோல் பங்க் சீருடையில் இருந்தது.
கண்ணாத்தா.
ஏழாம் குழு. இரண்டு தவணை பாக்கி.

அவளும் பார்த்தாள்.
ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.
முழங்கையால் நெஞ்சில் ஒன்று வைத்து
கூட்டத்துக்குள்ளேயே திருப்பித் தள்ளினாள்.
கோபமோ ஆட்டமோ,
அங்கே இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.
நானும் திருப்பி இடித்தேன்.

நாற்பது நிமிஷம்.
"போய்த் தூங்குங்க" என்றாள் பிலோமி.
யாரும் நகரவில்லை. காஜா
சத்தமில்லாமல் ஒவ்வொரு தட்டாகக் கழற்றுவதை
அதையும் ஒரு பாட்டுபோல நின்று பார்த்தோம்.

மறுநாள் செவ்வாய்.
காதில் குளவிக்கூடு.
கோட்டையூரில் அவள் கதவு திறந்தே இருந்தது.
நோட்டை நீட்டிய மணிக்கட்டில் ஊதா இன்னும் போகவில்லை.
வாங்கிய மணிக்கட்டிலும்.

என்னவோ சொன்னாள்.
"என்னது?" என்றேன்.
"ஒண்ணுதான் இருக்கு! இன்னொண்ணு அடுத்த வாரம்!"
"என்னது?"
"காது கேக்கலையா? எனக்குந்தான்!"
"சரி, அடுத்த வாரம்!"
"என்னது?"
கத்திக்கொண்டே நின்றோம்,
அவள் வீட்டு நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

சண்டை என்று நினைத்து
பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.
அடுத்து நான் போக வேண்டிய வீடு அது.